காற்று அழுத்தினால் தரை சாயுமா? ஜெலுத்தோங் வீட்டில் கட்டிய ஊசலின் பதிவேடு

பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில், என் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையின் சிமெண்டுத் தரையில், தரையின் அசைவையும் சாய்வையும் காட்டும் கிடை ஊசல் ஒன்றை நிறுத்தி, அதன் அசைவை இரவு பகலாகப் பதிவு செய்யத் தொடங்கிய ஒன்பதாவது நாள், விடியற்காலை 5 மணி 20 நிமிடத்துக்குக் கோடு திடீரெனத் தடித்தது. நிலநடுக்கமோ என்று கணினியின் முன் போய் உட்கார்ந்தேன். நிலநடுக்கக் கோட்டில் முந்தி வரும் அலை, பிந்தி வரும் அலை, பிறகு மெல்லத் தேயும் வால் என்று ஓர் ஒழுங்கு இருக்கும். இதில் அந்த ஒழுங்கு இல்லை. அரை நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை எடுத்துக்கொண்டு ஏறி இறங்கும் பெரிய அலைவுகளும், அவற்றின் மேல் பொடிப்பொடியான நடுக்கமுமாக அது கிடந்தது. கால் மணி நேரத்தில் மழை கொட்டியது. ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடைப்பட்ட மாதங்களில், சுமாத்திராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து விடியலுக்கு முன் வந்து மோதும் புயல்வரிசை அது. பினாங்கில் வளர்ந்தவர்களுக்கு அது பழகிய மழைதான். அந்த மழை வந்து சேர்வதற்குள் என் வீட்டுத் தரை அதை உணர்ந்துவிட்டது என்பதுதான் எனக்குப் புதிதாக இருந்தது.

காற்றிலிருந்து அந்த அசைவு தரைக்குள் எப்படி இறங்கியது என்று தேடிய எட்டு மாதங்களின் பதிவு இது. நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணுச் சோதனைப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன், புவியியல் படித்தவனல்லன். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை, ஒன்பது மணியைக் கடந்த சில நிமிடங்களில், அடுக்குமாடி வீட்டில் அம்மாவின் மீன்தொட்டித் தண்ணீர் ஒரு பக்கமாக ஏறி இறங்கியதைக் கண்ணால் பார்த்தவன். அன்று பிற்பகலில் கடல் ஏறியது; மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் பினாங்கில் இறந்தவர்கள். 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் இன்னொரு நடுக்கம் வந்தபோதும் இங்கே கட்டடங்கள் ஆடின. தரை என்ன செய்கிறது என்பதை என் கையால் கட்டிய கருவியில் பார்க்க வேண்டும் என்ற ஆசை அப்போதே விழுந்தது. வேலையிலிருந்து விடுபட்ட பிறகுதான் அதற்கு நேரம் கிடைத்தது.

கிடை ஊசலை வீட்டு வாசற்கதவைக் கொண்டு புரிந்துகொள்ளலாம். கதவின் கீல்கள் நேர் செங்குத்தாக இருந்தால் கதவு நிறுத்திய இடத்தில் நிற்கும். நிலை சற்றே முன்சாய்ந்திருந்தால் கதவு தானாக ஒரு பக்கம் போய், மெதுவாக ஆடி, ஓரிடத்தில் அமரும். அந்தச் சாய்வு குறையக் குறைய ஆட்டத்தின் காலம் நீளும். என் ஊசலில் கதவுக்குப் பதிலாக அரை மீட்டர் அலுமினியத் தண்டு இருக்கிறது. அதன் நுனிக்கருகில் ஒன்றரைக் கிலோ பித்தளைக் குண்டு. தண்டைத் தாங்க மேலிருந்து வரும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. கீழே, பழைய லேத் பட்டறையில் கேட்டு வாங்கிய கார்பைடு வெட்டுமுனையின் தட்டைப் பக்கத்தில் ஒரு பேரிங் குண்டு. முதலில் சாதாரண இரும்புத் தகட்டில் குண்டை ஊன்றினேன். இரண்டு வாரத்தில் குண்டு தகட்டில் ஒரு சிறு குழி பறித்துவிட்டது. தண்டு அந்தக் குழியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு, நகரும்போது படிபடியாகக் குதித்தது. கார்பைடு மாற்றிய பிறகே கோடு வழுவழுப்பானது.

கீலச்சின் சாய்வை அரை டிகிரிக்குக் கொண்டுவந்தபோது ஆட்டக் காலம் 15 நொடி ஆனது. 15 நொடிக்கு ஆட வேண்டுமானால் சாதாரணத் தொங்கு ஊசல் ஒன்றுக்கு 56 மீட்டர் நீளக் கயிறு வேண்டும். அந்த 56 மீட்டரை அரை மீட்டர் தண்டில் மடித்து வைத்திருக்கிறோம் என்று நினைத்தால், இந்தக் கருவி சாய்வுக்கு ஏன் இவ்வளவு அஞ்சுகிறது என்பது விளங்கும். தளத்தின் முன்கால்களில் உள்ள எட்டு மில்லிமீட்டர் திருகாணிகளில் ஒன்றை நூற்றில் ஒரு பங்கு சுற்றினாலே தண்டின் நுனி இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். என் விரல் திருகாணியைத் தொடுவதற்கு முன்பே, நான் குனிந்த பாரத்தில் தரை சாய்ந்து தண்டு ஒருமுறை விலகியிருக்கும். அதனால் நுண்திருத்தத்துக்குத் திருகாணியை விட்டுவிட்டுச் சமையலறை அலுமினியத் தாளைப் பிடித்தேன். எட்டாக மடித்து மைக்ரோமீட்டரில் அளந்தால் 0.13 மில்லிமீட்டர் காட்டியது. அப்படியானால் ஒரு தாள் 16 மைக்ரோமீட்டர். கால் ஒன்றின் அடியில் ஒரே ஒரு தாளைச் செருகினால் தண்டு சுமார் மூன்று மில்லிமீட்டர் நகர்கிறது. கருவியைச் சமன் செய்வதற்கும், அதன் உணர்திறனை அளவிடுவதற்கும் அந்தத் தாளே போதுமானதாக இருந்தது.

அசைவை இரண்டு வழிகளில் எடுக்கிறேன். தண்டின் நுனியில் நியோடிமியக் காந்தங்களும், அவற்றின் நடுவே அசையாமல் நிற்கும் கம்பிச்சுருளும் வேகத்தைக் காட்டும். நொடிக்கு 20 அளவீடுகளாக அது ராஸ்பெர்ரி பை கணினிக்குப் போகிறது. ஆனால் மணிக்கணக்கில் நகரும் மெதுவான சாய்வைச் சுருள் கண்டுகொள்ளாது. அதற்காகத் தண்டின் இருப்பிடத்தையே காட்டும் ஹால் உணரி ஒன்றைப் பின்னர் சேர்த்தேன். ஆட்டத்தை அடக்கக் காந்தங்களுக்கு இடையே ஒரு செப்புத் தகடு. தண்டை ஒரு முடியளவு ஒதுக்கி விட்டால், மையத்தைக் கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பி வந்து நிற்கும். அவ்வளவு அடக்கமே வேண்டும். அதற்கு மேல் தகட்டை உள்ளே தள்ளினால் ஊசல் மந்தமாகிவிடும்.

தண்டு வடக்கு நோக்கியிருப்பதால் கருவிக்குத் தெரிவது கிழக்கு மேற்காக நடக்கும் அசைவும் சாய்வும் மட்டுமே. இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

காற்றழுத்தமானியாக எடுத்தது பிஎம்பி280 என்னும் சிறு சில்லு. நகத்தைவிடச் சிறிய அந்தப் பொருள் ஏறத்தாழ 1 பாஸ்கல் மாற்றத்தைப் பிரித்துக் காட்டுகிறது. அதாவது அதை எட்டு சென்டிமீட்டர் உயர்த்தினால் அதற்குத் தெரிகிறது. நம்ப முடியாமல் சோதித்துப் பார்த்தேன். நண்பர் ஒருவரின் அடுக்குமாடியில் பத்து மாடிப் படிகளையும், ஒவ்வொரு மாடியிலும் இரண்டு நிமிடம் நின்று நின்று ஏறினேன். ஒரு மாடிக்கு ஏறத்தாழ 32 பாஸ்கல் வீதம், பத்துப் படிகள் கொண்ட ஏணி போலக் கோடு இறங்கியது. பத்தாம் மாடியில் மொத்த இறக்கம் 320 பாஸ்கல், அதாவது 3.2 ஹெக்டோபாஸ்கல். பினாங்கில் ஒரு சாதாரண நாளில் காற்றழுத்தம் ஏறி இறங்கும் அளவும் ஏறத்தாழ அதுவேதான். நாம் இருந்த இடத்திலேயே இருக்க, வளிமண்டலம் தினமும் நம்மைப் பத்து மாடி ஏற்றி இறக்குவது போல என்று அன்றைக்குக் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

அந்த ஏற்ற இறக்கம் வெப்பமண்டலத்துக்கே உரிய ஒழுங்கு. மேலே உள்ள ஓசோனும் கீழே உள்ள நீராவியும் சூரிய வெப்பத்தை உறிஞ்சுவதால் வளிமண்டலம் முழுவதும் ஒரு பெரிய அலை எழுகிறது; அது நாளுக்கு இரண்டு உச்சங்களும் இரண்டு தாழ்வுகளுமாக நம்மைக் கடந்து போகிறது. உச்சங்கள் சூரிய நேரப்படி காலையும் இரவும் பத்து மணியை ஒட்டி வரும்; தாழ்வுகள் நான்கு மணியை ஒட்டி வரும். மலேசியக் கடிகாரம் 1982 ஜனவரி 1 முதல் உலகப் பொது நேரத்தைவிட எட்டு மணி நேரம் முந்தி ஓடுவதாலும், பினாங்கு 100 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருப்பதாலும், நம் சுவர்க்கடிகாரத்தில் அந்தப் பத்து மணி 11.15 ஆகிவிடுகிறது. முதல் வாரமே அந்த நேரத்தை என் கோட்டில் பார்த்தேன். குளிர்நாடுகளில் புயல்களின் ஏற்ற இறக்கத்துக்குள் மறைந்துபோகும் அலை, இங்கே விரலால் தொட்டுக் காட்டுமளவுக்குத் தெளிவாக நிற்கிறது.

ஆகவே காற்றழுத்தம் தரையை அசைக்கிறதா என்று பார்க்க ஒரு வசதியான வழி எனக்குக் கிடைத்தது என்று எண்ணினேன். அறையின் வெப்பம் நாளுக்கு ஒருமுறைதான் உச்சம் தொடும். சாலைப் போக்குவரத்தின் நடுக்கமும் பகலில் ஏறி இரவில் அடங்கும். காற்றழுத்தம் மட்டுமே நாளுக்கு இருமுறை ஏறும். எனவே ஊசலில் பன்னிரண்டு மணி நேர அலை தெரிந்தால் அது காற்றழுத்தத்தின் வேலை. ஹால் உணரியின் கோட்டில் அந்த அலை தெரிந்தது. தண்டின் நுனி நாளுக்கு இருமுறை, சில பத்து மைக்ரோமீட்டர் கிழக்கே போய்த் திரும்பியது. ஐந்து நாள் கோட்டைக் காற்றழுத்தக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தால் இரண்டும் கைகோத்து நடப்பது போலவே இருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த மகிழ்ச்சி அடுத்த வாரமே கலைந்தது. பதினான்கு நாள் கோடுகளை நாளுக்கு ஒரு வரியாக ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டினேன். காற்றழுத்த உச்சங்கள் செங்குத்தாக ஒரே நேர்க்கோட்டில் இறங்கின. ஊசலின் உச்சங்களோ ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் தள்ளிப்போய்க் குறுக்காகச் சரிந்திருந்தன. அக்காவின் மகன் வார இறுதியில் தூண்டில் போடப் பாலத்துப் பக்கம் போகிறவன், வாசலில் நின்றபடியே அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, “மாமா, இது கடல்தானே? தினமும் ஐம்பது நிமிஷம் தள்ளிப்போகுதே” என்றான். பிறகு கடல் ஏறி வற்றும் நேரங்களைத் தரும் ஓதப் பட்டியலை எடுத்து வைத்துப் பார்த்தோம். ஏற்றவற்றத்தின் முதன்மை அலை 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வருவது, சந்திரனைத் தொடர்வது. காற்றழுத்த அலை சரியாக 12 மணி, சூரியனைத் தொடர்வது. பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஊசலின் வீச்சு கூடியதும், எட்டாம் பிறையை ஒட்டிச் சுருங்கியதும் அந்தத் தாளிலேயே இருந்தன. நான் தற்செயலாக எடுத்த முதல் ஐந்து நாள்களில் இரண்டு அலைகளும் ஒன்றோடொன்று பொருந்தி நின்றிருந்தன, அவ்வளவுதான்.

என் வீடு கிழக்குக் கரையிலிருந்து அறுநூறு மீட்டர். தீவுக்கும் எதிரே பெருநிலத்தில் உள்ள பட்டர்வொர்த்துக்கும் இடையே உள்ள கடல் ஒரு மீட்டர் ஏறினால் சதுர மீட்டருக்கு ஒரு டன் சுமை கூடுகிறது. அந்தச் சுமையில் கடலடி தாழ, கரை கடலை நோக்கிச் சாய, வடக்கு நோக்கிய என் தண்டு கிழக்கே ஒதுங்குகிறது. மைக்ரோ ரேடியனில் ஒரு பங்கு அளவுக்கே அந்தச் சாய்வு. அதாவது பத்துக் கிலோமீட்டர் நீளப் பலகையின் ஒரு முனையைச் சில மில்லிமீட்டர் தூக்கியது போல. காற்றழுத்தமோ நாள் முழுவதும் கூடிக் குறைந்தாலும் சதுர மீட்டருக்கு முப்பது கிலோதான் கூட்டிக் குறைக்கிறது. அதுவும் கடலையும் தீவையும் சமமாக அழுத்துவதால் ஒரு பக்கம் சாய்வதற்குக் காரணம் குறைவு. ஆறு வாரத் தரவிலிருந்து கடல் அலையைக் கணித்துக் கழித்த பிறகு, சரியாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மிஞ்சிய அசைவு, கருவியின் சொந்தத் தள்ளாட்டத்துக்குள் கரைந்துவிடும் அளவே இருந்தது. கடலோரத்தில் குடியிருந்துகொண்டு நீள்காலச் சாய்வை அளப்பவர்கள் முதலில் ஓதத்தைக் கழிக்க வேண்டும் என்பதை நான் இப்படிக் கற்றேன்.

வேகமான பின்னணி அதிர்வுகளுக்கும் நாள்தோறும் வரும் காற்றழுத்த ஏற்றத்துக்கும் தொடர்பில்லை என்பது இன்னும் எளிதாகத் தெரிந்தது. நொடிக்கு ஒன்று முதல் பத்து அதிர்வுகள் வரையுள்ள பகுதி விரைவுச்சாலையின் லோரிகளுக்கும் பக்கத்துப் பட்டறைகளுக்கும் உரியது. காற்றழுத்தத்தின் பகல் உச்சத்தில் அதுவும் உச்சமாக இருக்கும், இரவு 11.15 உச்சத்தில் அடங்கிக் கிடக்கும். சீனப் புத்தாண்டு விடுமுறையில் ஊர் அமைதியானபோது அது பாதிக்கும் கீழே போனது. காற்றழுத்தம் வழக்கம் போல இருமுறை ஏறி இறங்கியது. ஐந்து முதல் எட்டு நொடி வரை ஆடும் பகுதி கடலலைகளின் ஓசை. எதிரெதிராக வரும் அலைகள் மோதும்போது, அலையின் காலத்தில் பாதிக் காலம் கொண்ட அழுத்தம் தேயாமல் கடலடி வரை போகிறது என்று 1950-இல் லாங்கெட்-ஹிக்கின்ஸ் என்னும் கடலலை ஆய்வாளர் காட்டினார். எங்கோ தொலைவில் உள்ள தாழ்வழுத்தம் காற்றை எழுப்பி, காற்று அலையை எழுப்பி, அலை தரையைத் தட்டுவதால், இதுவும் வளிமண்டலத்தின் வேலைதான். ஆனால் என் கூரைக்கு மேலே உள்ள காற்றின் வேலையன்று.

மீதமிருந்தது இருபது நொடிக்கும் நூறு நொடிக்கும் இடைப்பட்ட பகுதி. புயல்வரிசை வந்த அன்று கோடு தடித்தது அங்கேதான்.

இங்கே முதலில் சந்தேகிக்க வேண்டியது கருவியையே. ஊசலை மரப்பெட்டியால் மூடியிருந்தேன். சன்னல்களை அடைத்துவிட்டு அறைக் கதவைச் சாத்தினால் காற்றழுத்தமானி 15 பாஸ்கல் துள்ளுகிறது. அதே கணத்தில் ஊசலும் துள்ளுகிறது. கதவைச் சாத்த நான் நடந்த நடையில் தரை சாய்ந்ததா, கதவு நிலையில் மோதிய அதிர்ச்சியா, அல்லது பெட்டிக்குள் புகுந்த காற்று தண்டைத் தள்ளியதா என்று பிரிக்க வேண்டியிருந்தது. கதவின் விளிம்பில் தடித்த ரப்பர் ஒட்டி, நைலான் கயிறு கட்டி, வீட்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தபடி மெல்ல இழுத்துச் சாத்தினேன். துள்ளல் குறையவில்லை. பெட்டியின் இடுக்குகளைச் சிலிக்கோன் பசையால் அடைத்தபோது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. எனவே நான் தரையின் அசைவென்று நினைத்ததில் பெரும்பகுதி, பெட்டிக்குள் வீசிய பூங்காற்று.

பெட்டியை முழுவதும் அடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தது அடுத்த தவறு. காற்றுப் புகாதபடி அடைத்த பெட்டியில் உள்ளழுத்தம் நிலையாக நிற்க, வெளியழுத்தம் மாறிக்கொண்டே இருக்கும். 70-க்கு 40 சென்டிமீட்டர் மூடியின் மேல் 1 ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு என்பது ஏறத்தாழ மூன்று கிலோ எடையை வைத்து எடுப்பதற்குச் சமம். ஊசலின் சட்டமும் அந்தப் பெட்டியின் அடிப்பலகையிலேயே திருகப்பட்டிருந்ததால், அடிப்பலகை வளைய, தண்டு முன்னைவிடப் பல மடங்கு ஓடியது. ஒரு வாரத் தரவு வீணானது. உலக நில அதிர்வு நிலையங்களில் நெடுங்காலம் பயன்பட்ட எஸ்டிஎஸ்-1 கருவியைக் கண்ணாடி மணிக்குள் வைத்துக் காற்றை வெளியேற்றுவார்கள் என்றும், அதன் அடித்தட்டு வளைவதே பெரிய இடைஞ்சலாக இருந்ததால் வளையாத தனி அடித்தட்டு ஒன்றை வடிவமைத்தார்கள் என்றும் நான் பிறகு படித்தேன். முன்பே படித்திருந்தால் அந்த வாரம் மிஞ்சியிருக்கும்.

இப்போதைய அமைப்பில் ஊசலின் சட்டம் மூன்று கால்களில் நேரே சிமெண்டுத் தரையில் நிற்கிறது. அதைத் தொடாமல், கவிழ்த்த கண்ணாடி மீன்தொட்டி ஒன்று மூடியிருக்கிறது. தொட்டியின் விளிம்புக்கும் தரைக்கும் நடுவே சைக்கிள் டியூபைக் கீறி வாஸ்லின் தடவி வைத்திருக்கிறேன். மேலே நான்கு செங்கல். கண்ணாடி வளைந்தாலும் அந்த வளைவு ஊசலுக்குப் போகாது. கம்பிகள் வெளியே வரும் இடத்தில் ஊசிமுனை அளவு துளை ஒன்றை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். நாள்முழுவதும் மெதுவாக மாறும் அழுத்தம் அதன் வழியே உள்ளும் புறமும் சமமாகிவிடும். ஒரு நிமிடக் காற்றடிப்புக்கு அந்தத் துளை போதாது. தொட்டிக்கு மேலே பாலிஸ்டைரின் பலகை, வெப்பத்துக்காக. கயிற்றுக் கதவுச் சோதனையில் இப்போது துள்ளல் இருபதில் ஒரு பங்குதான்.

காற்றழுத்தமானிக்கும் இதுபோல ஒரு பாடம் இருந்தது. சில்லை வெறுமனே சன்னலோரம் வைத்தால், காற்று அதன்மேல் வீசும் வேகத்தையும் அழுத்தமாகக் காட்டும். அதனால் புட்டிக்குள் அடைத்து, அதிலிருந்து மெல்லிய குழாயை வெளியே கொண்டுபோய், பத்து மீட்டர் தூரத்துக்குச் சிறு துளைகள் இட்டு, வேலியோரம் தரையில் ஓட்டினேன். பல துளைகளில் நுழையும் காற்றடிப்புகள் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். முதல் கனமழையில் குழாயின் தாழ்வான வளைவில் தண்ணீர் தேங்கி வழியை அடைத்துவிட்டது. இரண்டு நாள் கோடு தட்டையாகக் கிடந்தபோது, காற்று அமைதியாக இருக்கிறதென்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். குழாய் வெளிப்புறமாகச் சரிந்திருக்க வேண்டும். துளைகள் அடிப்பக்கம் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பின்னும், காற்று வீசும் நேரங்களில் இருபது முதல் நூறு நொடிப் பகுதி தடிக்கத்தான் செய்தது. இனி அது தரைதான் என்று சொல்ல எனக்குத் துணிவு வந்தது. இதன் விளக்கத்தை 1971-இல் சாரல்ஸ் என்பவர் கணக்காகவே தந்திருக்கிறார். காற்றோடு மிதந்துவரும் அழுத்தமேடுகளும் பள்ளங்களும் தரையின் மேல் ஊர்ந்து போகின்றன. நொடிக்கு பத்து மீட்டர் வேகக் காற்றில் ஐம்பது நொடிக்கு ஒரு மேடு வந்தால், இரண்டு மேடுகளுக்கு இடையே அரைக் கிலோமீட்டர். பெரிய லோரி ஒன்று சதுப்பான மண்சாலையில் நம்மைக் கடப்பதை நினைத்துக்கொள்ளலாம். அது நெருங்கும்போது நம் காலடி மண் அதை நோக்கிச் சாயும். நேர் எதிரே வரும்போது மண் சாயாமல் தாழும். கடந்து போகும்போது மறுபக்கம் சாயும். காற்று மேடும் அதையே செய்கிறது. எனவே அழுத்தம் உச்சத்தில் இருக்கும் கணத்தில் சாய்வு சுழி. சாய்வின் உச்சம் அதற்கு முன்னும் பின்னும் கால் அலை தள்ளி வரும். இந்த ஒன்றை உணராமல், அழுத்தக் கோட்டை ஏதோ ஓர் எண்ணால் பெருக்கி ஊசல் கோட்டிலிருந்து கழித்துக் கழித்து, இரைச்சல் சற்றும் குறையவில்லையே என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அழுத்தக் கோட்டைக் கால் அலை நகர்த்திக் கழித்த அன்று, காற்று வீசிய மூன்று மணி நேரத்தில் அந்தப் பகுதியின் ஆற்றல் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு குறைந்தது. ஒரே ஒரு காற்றழுத்தமானியால் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. மேடு எந்தத் திசையில் நகர்கிறது என்பதை அது அறியாது.

செங்குத்து அசைவை அளக்கும் நல்ல கருவிகளில் கணக்கு வேறு. தலைக்கு மேல் காற்று கூடினால் அந்தக் காற்றின் நிறையே கருவியின் குண்டை மேல்நோக்கி ஈர்க்கும். 1 ஹெக்டோபாஸ்கலுக்கு நொடிவர்க்கத்துக்கு மூன்று, நான்கு நானோமீட்டர் என்பதுதான் அந்த ஈர்ப்பு. 1995-இல் சூர்ன், விட்மர் என்ற இரு ஆய்வாளர்கள், பக்கத்தில் வைத்த காற்றழுத்தமானியின் கோட்டை இந்த விகிதத்தில் கழித்து, பல நிமிடக் காலம் கொண்ட அலைவுகளில் பின்னணி இரைச்சலைக் குறைத்துக் காட்டினார்கள். இத்தனைக்கும், மூடி போடாத பித்தளைக் குண்டு ஒன்றின் மேல் காற்றின் மிதப்பு விசை மாறும் அளவு, அந்த ஈர்ப்பைப்போல ஏறத்தாழ நானூறு மடங்கு. மூடியும் அடைப்பும் சரியாக இல்லாதவரை பூமியைப் பற்றிப் பேசவே முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் வேண்டியதில்லை.

சாரல்ஸ் கணக்கில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. ஒரே அழுத்தத்துக்குத் தரை எவ்வளவு சாயும் என்பது மண்ணின் விறைப்பைப் பொறுத்தது. கருங்கல்லின் விறைப்பு சில பத்து கிகாபாஸ்கல். கடலோரச் சேற்றுக் களிமண்ணினுடையது சில பத்து மெகாபாஸ்கல். இடையே ஆயிரம் மடங்கு. ஜெலுத்தோங் வீட்டுக்கு அடியில் இருப்பது களிமண். பினாங்குத் தீவின் முதுகெலும்பு கருங்கல். அப்படியானால் அதே ஊசலை மலையடிக்குக் கொண்டுபோனால், அதே காற்றில் அது பேசாமல் இருக்க வேண்டும்.

ஆயர் ஈத்தாமில் அக்காவின் வீடு மலைச்சரிவை வெட்டிக் கட்டியது. பின்புறம் துணி துவைக்கும் இடத்தில் பாறை வெளியே தெரியும். நம் நாட்டு மழையில் கருங்கல்லின் மேற்பகுதி பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண்ணாக இளகிப்போயிருக்கும் என்பதால், சுத்தியலால் தட்டி, கணீரென்று ஒலிக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, சிமெண்டுக் குழம்பால் மூன்று சிறு திட்டுகள் வைத்தேன். “தம்பி, துணி துவைக்கிற கல்லையாவது விட்டு வை” என்று சொல்லிவிட்டு அக்காவே தண்ணீர் ஊற்றி இடத்தைக் கழுவித் தந்தாள். இரண்டாவது ஊசலும் முதலாவதன் அளவுகளிலேயே கட்டப்பட்டது. 15 நொடி, அதே குண்டு, அதே தொட்டி. கடல் இங்கிருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் ஓத அலை சிறுத்துவிட்டது. சாலை நடுக்கமும் குறைவு. ஐந்து முதல் எட்டு நொடிக் கடலோசை மட்டும் இரண்டு இடங்களிலும் ஏறக்குறைய ஒரே அளவு. இரண்டு கருவிகளும் ஒரே அளவுகோலில் பேசுகின்றன என்பதற்கு எனக்கு அதுவே சான்று.

பிறகு புயல்வரிசைக்காகக் காத்திருந்தேன். மூன்று வாரம் கழித்து, விடியற்காலை 4 மணி 50 நிமிடத்துக்கு அது வந்தது. ஜெலுத்தோங்கில் காற்றழுத்தம் எட்டு நிமிடத்தில் 1.8 ஹெக்டோபாஸ்கல் ஏறியது. மழையால் குளிர்ந்து கனத்த காற்று முன்னால் பாய்ந்து வருவதன் அடையாளம் அது. ஏற்றத்தின் மேல் இருபது, முப்பது பாஸ்கல் காற்றடிப்புகள். அங்கிருந்த ஊசலின் இருபது முதல் நூறு நொடிப் பகுதி, அமைதியான இரவின் அளவைப்போல முப்பது மடங்கு ஆனது. சில நிமிடங்களுக்கு முன்பே அதே காற்று ஆயர் ஈத்தாமைக் கடந்திருந்தது. அங்குள்ள காற்றழுத்தமானியும் ஏறத்தாழ அதே ஏற்றத்தைக் காட்டியது. பாறையின் மேல் நின்ற ஊசல் மூன்று மடங்கோடு நிறுத்திக்கொண்டது. அந்த மூன்று மடங்கிலும் ஒரு பங்கு, வீட்டின் பின்புறத்து மாமரம் தன் வேரால் பாறை இடுக்கை அசைத்ததாக இருக்கலாம்; அடுத்த புயல்வரிசைக்குள் ஊசலை மரத்திலிருந்து இன்னும் ஆறு மீட்டர் தள்ளி வைக்க இடம் பார்த்திருக்கிறேன்.

இதற்கிடையில் ஜெலுத்தோங் ஊசலுக்கு இரண்டு காற்றழுத்தமானிகள் கூடுதலாக வாங்கியாகிவிட்டது. முக்கோணமாக நூறு மீட்டர் இடைவெளியில் மூன்றையும் வைத்தால் அழுத்தமேடு வரும் திசையையும் வேகத்தையும் கணக்கிட்டு, கழித்தலைத் திருத்தமாகச் செய்யலாம். ஒன்றுக்கு என் வேலியோரம். மற்றொன்றுக்குத் தெருமுனை வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். மூன்றாவதுக்குக் கடற்கரைப் பக்கம் ஓரிடம் தேவை. மழைத்தண்ணீர் தேங்காத இடமாக.